அஞ்சிக் கட்டிய பாலம்

சென்னை நகரத்துக்கு மேற்கே, பூந்தமல்லியை அடுத்துள்ள சென்னீர்குப்பம், பெரிய ஸ்தல புராணமோ ராஜவம்ச சரித்திரமோ உடைய ஊரன்று. பெங்களூர் நெடுஞ்சாலைக்கும் ஆவடி செல்லும் சாலைக்கும் அருகே இருப்பதே அதன் பிரசித்திக்குக் காரணம். இவ்வூரிலிருந்து காலையில் வேலைக்குப் புறப்படும் ஜனங்கள் எப்பக்கம் சென்றாலும் கான்கிரீட் தூண்களையே காண்கிறார்கள். பூந்தமல்லிப் பக்கம் சென்றால் மெட்ரோ ரயிலுக்கான தூண்கள். கிழக்கே மதுரவாயலைக் கடந்தால், அங்கிருந்து துறைமுகம் வரையில் அமையவிருக்கும் உயர்நிலைச் சாலைக்காகக் கூவத்தில் எழுப்பிய தூண்கள்.

இவற்றுள் பின்னவற்றின் கதையை இவ்வட்டாரத்தார் யாவரும் அறிவர். 2009ஆம் ஆண்டு ஜனவரியில் அப்போதைய பிரதம மந்திரி டாக்டர் மன்மோகன் சிங் அச்சாலைக்கு அஸ்திவாரக்கல் நாட்டினார். வேலை தொடங்கித் தூண்களும் எழுந்தன. 2012ஆம் ஆண்டில், தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று கூறி மாநில சர்க்கார் வேலையை நிறுத்தியது. விவகாரம் நியாயஸ்தலம் ஏறியது. தூண்களோ, தலையில் சுமையின்றி, ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்றன. பின்னர் திட்டம் ஈரடுக்குச் சாலையாக மாற்றப்பட்டு, 2022 மே மாதத்தில் 5,850 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் மறுபடியும் அஸ்திவாரக்கல் நாட்டப்பட்டது. முதலில் மதிப்பிட்டிருந்த தொகையோ இதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டவில்லை.

“தொடங்கிய வேலையை நிறுத்துவானேன்? நிறுத்திய வேலையை மாற்றுவானேன்? இதெல்லாம் இவர்களுக்கு முன்பே தெரியாதா?” என்று தேநீர்க் கடை பெஞ்சியில் அமர்ந்து கேட்பவரைப் பாமரர் என்று ஒதுக்கிவிட இயலாது. பொதுஜனங்களின் வரிப்பணத்தில் எழும் எந்தப் பாலத்தைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. இதற்கு விடை தேடுவதற்காக, நேயர்களை நமது தேசத்தின் வடகோடியிலுள்ள ஒரு பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அங்கேயும் ஒரு பாலம் தொடங்கி, நின்று, மாறி, முடிந்தது. ஆனால் அது மாறிய காரணமும், மாறிய விதமும் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை.

மலை சொன்ன மறுப்பு

ஜம்முவிலிருந்து காச்மீரத்துக்கு ரயில் விட வேண்டும் என்பது நெடுநாளைய மனோரதம். உதம்பூரிலிருந்து ஸ்ரீநகர் வழியாகப் பாரமுல்லா வரையில் 272 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதையில் 36 சுரங்கங்கள். அவற்றின் மொத்த நீளம் மட்டும் 119 கிலோமீட்டர். சிறிதும் பெரிதுமாகப் பாலங்கள் 943. செலவு 43,780 கோடி ரூபாய். இப்பாதையில் கட்ராவுக்கும் ரியாஸிக்கும் இடையே, செனாப் நதியோடு கலக்கும் அஞ்சி என்னும் காட்டாறு குறுக்கிடுகிறது. காட்டாறு என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். அது அறுத்துச் சென்றிருக்கும் பள்ளமோ பாதாளம்.

இந்தப் பள்ளத்தைக் கடப்பதற்கு இன்ஜினீயர்கள் முதலில் நிச்சயித்தது, அருகிலுள்ள செனாப் நதியின் மேல் இன்று நிற்பதைப் போன்ற எஃகு வளைவுப் பாலம். செனாப் பாலம் நதிப் படுகைக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்பது. அதன் வளைவு ஒன்றே 467 மீட்டர் அகலமுடையது. அதன் தம்பியைப் போல அஞ்சியிலும் ஒரு வளைவு எழும் என்றே யாவரும் எண்ணியிருந்தனர்.

வளைவுப் பாலத்தின் இயல்பு யாதெனில், தன் பாரத்தையும் தன் மேல் செல்லும் வண்டியின் பாரத்தையும் இரு கரைகளின் மேலும் சாய்வாகத் தள்ளுவது. கரை உறுதியான பாறையாயின் அந்தத் தள்ளுதலே பாலத்துக்குப் பலம். கரை பொடிந்தும் பிளந்தும் மடிந்தும் கிடக்கும் பாறையாயின் அதுவே யமன். ஹிமாலயம் நமது நீலகிரியைப் போலக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அடங்கி அமர்ந்துவிட்ட கிழமலை அன்று. இன்னும் எழும்பிக்கொண்டும் நெரிந்துகொண்டும் இருக்கும் இளமலை. பூகம்ப அபாயம் மிகுந்த பிரதேசமும் அதுவே. அஞ்சியின் சரிவுகளை ஆராய ஆராய, வளைவின் தள்ளுதலைத் தாங்கும் சக்தி அவற்றுக்கு இல்லை என்பது தெளிவாயிற்று. பாதை செல்லும் வழியைப் பற்றியே வல்லுநர்களிடையே வாதம் எழுந்து நியாயஸ்தலம் வரையில் சென்றது. ஆண்டுகள் பல கழிந்தன. முடிவில், 2016ஆம் ஆண்டை ஒட்டி, வளைவு கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாகக் கம்பிவடங்கள் தாங்கும் பாலம் என்று தீர்மானமாயிற்று.

இந்நதியின் பெயர் நமது தமிழ்க் காதுக்கு ஒரு பொருள் தருகிறது. அஞ்சத் தக்கதற்கு அஞ்சுவது கோழைத்தனம் அன்று, விவேகம் என்பது நமது பெரியோர் கொள்கை. மலைக்கு அஞ்சி, தாங்கள் வரைந்த படத்தைத் தாங்களே கிழித்தெறிந்த இன்ஜினீயர்களின் செயலை நாம் அந்த வகையிலேயே சேர்ப்போம்.

ஒற்றைக் கம்பத்தின் தராசு

கம்பிவடப் பாலத்தின் தத்துவம் சாமானியருக்கும் விளங்கக் கூடியதே. தொங்கு பாலத்தில், கரைக்குக் கரை தொங்கவிட்ட பெருவடங்களிலிருந்து இறங்கும் கம்பிகளில் தளம் தொங்கும். கம்பிவடப் பாலத்திலோ, உயர்ந்த ஸ்தம்பம் ஒன்றிலிருந்து ஒவ்வொரு வடமும் நேராக இறங்கித் தளத்தின் ஒவ்வொரு பகுதியைப் பிடித்து நிற்கும். கப்பலின் பாய்மரத்திலிருந்து இருபுறமும் விறைப்பாக இழுத்துக் கட்டிய கயிறுகளை மனத்தில் கொண்டால் போதும். ஒரு பக்கத்து வடங்கள் இழுக்கும் இழுப்பை மறு பக்கத்து வடங்கள் சரிக்கட்டுகின்றன. மிஞ்சும் பாரம் ஸ்தம்பத்தின் வழியே நேரே கீழே இறங்குகிறது. தராசின் இரு தட்டுகளும் சமமாக இருக்கும் வரையில், நடுவில் பிடித்திருக்கும் கை எப்பக்கமும் சாய வேண்டியதில்லையே!

இதனால் விளையும் நன்மை, இரு சரிவுகளையும் வளைவு தள்ளுவதுபோல் தள்ள வேண்டிய அவசியம் ஒழிகிறது என்பதே. பாரத்தின் பெரும் பங்கை ஒரே இடத்தில், நன்கு சோதித்துப் பலப்படுத்திய அஸ்திவாரத்தில் இறக்கிவிடலாம். அஞ்சியில் அவ்வாறே செய்தனர். மலைச் சரிவில் சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு அஸ்திவாரம் இறக்கி, அதைச் சுற்றிலும் பாறையில் துளையிட்டு மெல்லிய முளைகளை நெருக்கமாக நிறுத்தி, நெகிழ்ந்த பாறையைக் கட்டிப் பிடித்தனர். அதன் மேல் எழுந்த ஸ்தம்பத்தின் உயரம் 193 மீட்டர். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். ஆற்றுப் படுகையிலிருந்து அளந்தால் அதன் உச்சி 331 மீட்டரில், அதாவது ஏறக்குறைய 1,086 அடியில் நிற்கிறது.

பாலத்தின் மொத்த நீளம் 725.5 மீட்டர். அதில் வடங்கள் தாங்கும் பகுதி 473.25 மீட்டர், பள்ளத்தைத் தாண்டும் பெரிய கண் மட்டும் 290 மீட்டர். மறு பக்கத்துக்கு அத்தனை நீளம் இல்லை. ஆகவே, இது இரு தட்டும் ஒரே அளவுள்ள தராசு அன்று, நிறைகோல் போன்றது. நிறைகோலில் நீண்ட கையின் பாரத்துக்குக் குறுகிய கையில் ஈடு செய்வதுபோல, ஒவ்வொரு வடத்தின் இழுப்பையும் தனித்தனியே கணக்கிட்டே ஈடு செய்ய வேண்டும். வடங்கள் 96. அவற்றுள் சிறியது 82 மீட்டர். பெரியது 295 மீட்டர். வடங்களில் உள்ள புரிகளையெல்லாம் ஒன்றோடொன்று முடிந்து நீட்டினால் 653 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருநெல்வேலி வரையில் உள்ள தூரத்துக்கு ஏறக்குறைய சமம். இவ்வடங்கள் அனைத்தையும் 11 மாதங்களில் பூட்டி, 2023 ஏப்ரல் மாதத்தில் முடித்தனர்.

தளத்தை எவ்வாறு அமைத்தார்கள் என்று கேட்கலாம். கீழேயிருந்து சாரம் கட்டி எழுப்பக் கூடிய பள்ளமா அது? தளத்தைத் துண்டு துண்டாக நீட்டி, ஒவ்வொரு துண்டும் சேர்ந்தவுடன் அதற்குரிய வடத்தைப் பூட்டி, அடுத்த துண்டுக்குச் செல்வதே இவ்வகைப் பாலத்துக்குரிய முறை. அடியில் ஆதாரம் ஏதுமின்றி அந்தரத்தில் நீண்டு நிற்கும் அந்நாட்களே மிகவும் ஆபத்தானவை. மணிக்கு 213 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றையும் தாங்கும்படி பாலம் கணக்கிடப்பட்டிருக்கிறது. அந்த உயரத்தில், மலைக்காற்றில், குளிரில் நின்று வேலை செய்த தொழிலாளர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இடம்பெறப் போவதில்லை. ஆயினும் பாலம் அவர்களுடைய கைகளின் சிருஷ்டியே என்பதை நாம் மறத்தலாகாது.

2025ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி, பிரதம மந்திரி நரேந்திர மோடி செனாப் பாலத்தையும் அஞ்சிப் பாலத்தையும் திறந்துவைத்தார். கம்பிவடம் தாங்கும் ரயில் பாலம் நமது தேசத்தில் இதுவே முதலாவது. அதன் பயனும் விரைவிலேயே தெரிந்தது. அவ்வாண்டின் மழையில் ஜம்மு-ஸ்ரீநகர் சாலை சரிந்து அடைபட்டபோது, பறித்த ஆப்பிள் பழங்களோடு லாரிகள் வழியில் நின்றுவிட்டன, பழம் அழுகியது. செப்டம்பர் மாதத்தில் பட்காமிலிருந்து டில்லிக்குப் பழம் ஏற்றிச் செல்லும் ரயில் ஓடத் தொடங்கிற்று. ஒரு பாலம் எவ்வளவு உயரம் என்பதைவிட, எத்தனை குடியானவர்களின் விளைபொருள் அதன் மேல் சந்தைக்குச் செல்கிறது என்பதே அதன் உண்மையான அளவு.

புகழ்ச்சியோடு ஒரு கேள்வி

இவ்வளவும் புகழத் தக்கவையே. எனினும், புகழ்ச்சியோடு நின்றுவிடுவது பத்திரிகையின் கடமையன்று. மலையின் இயல்பை ஆராய்ந்த பிறகு பாலத்தின் வகையை மாற்றினார்கள் என்று மகிழ்கிறோம். மலையை ஆராய்ந்த பிறகே பாலத்தின் வகையை நிச்சயித்திருந்தால் எத்தனை ஆண்டுகள், எத்தனை பணம் மிஞ்சியிருக்கும் என்று கேட்கவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இது நடக்கக் கூடாத காரியம் அன்று. பிரான்ஸ் தேசத்தில் டார்ன் நதியின் பள்ளத்தாக்கின் மேல் மில்லோ என்னும் ஊரருகே ஒரு கம்பிவடப் பாலம் இருக்கிறது. 2,460 மீட்டர் நீளம்; ஏழு தூண்கள்; மிக உயர்ந்த இடத்தில் 343 மீட்டர். மிஷேல் விர்லோஜோ என்னும் பிரெஞ்சு இன்ஜினீயரும் நார்மன் பாஸ்டர் என்னும் ஆங்கிலச் சிற்பியும் சேர்ந்து வகுத்தது. அதைப் பற்றிய யோசனை 1987ஆம் ஆண்டிலேயே எழுந்துவிட்டது. எவ்வழியே கடப்பது, பள்ளத்தின் அடிவரையில் இறங்கி ஏறுவதா, உச்சிக்கு உச்சி தாண்டுவதா என்று பல வழிகளை ஒப்பிட்டனர். 1996ஆம் ஆண்டில் போட்டியாக வந்த படங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தனர். 2001 டிசம்பரில் வேலை தொடங்கிற்று. 2004 டிசம்பரில் வண்டிகள் ஓடின. பதினான்கு ஆண்டுகள் யோசனை. மூன்று ஆண்டுகள் வேலை! நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். அஸ்திவாரக்கல் நாட்டும் விழாவுக்குக் காட்டும் அவசரத்தை அஸ்திவாரம் இருக்கும் மண்ணைச் சோதிப்பதில் காட்டுவதில்லை. காகிதத்தில் அழிப்பது எளிது, செலவும் அற்பம். கான்கிரீட்டில் எழுதியதை அழிப்பதற்கு மலையையும் நதியையும் கஜானாவையும் பாழாக்க வேண்டியிருக்கிறது.

மண்ணை அறிந்து கட்டும் வித்தை நமக்குப் புதியதும் அன்று. கல்லணை பாறையில் கட்டியதன்று. ஆற்று மணலில் கட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காவேரியிலும் கொள்ளிடத்திலும் வேலை செய்த ஸர் ஆர்தர் காட்டன், ஆழங்காண முடியாத மணலில் அஸ்திவாரம் இடும் முறையை இந்நாட்டாரிடமிருந்தே கற்றதாக எழுதிவைத்தார். அந்தப் பரம்பரையில் வந்த நாம் இன்று அஞ்சிப் பாலத்துக்கு வரைபடத்தை இத்தாலிய நிறுவனத்தாரிடமிருந்து பெற்றிருக்கிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; வித்தை எங்கிருந்தாலும் கற்றுக்கொள்ள வேண்டியதே. ஆனால், அடுத்த அஞ்சிக்கும் அதற்கடுத்த அஞ்சிக்கும் அயலாரிடமே கைநீட்டி நிற்போமாயின், அப்போது வெட்கப்பட இடமுண்டு. கட்டும் கை நம்முடையதாயிருப்பது போலக் கணக்கிடும் மூளையும் நம்முடையதாக வேண்டும். நமது கலாசாலைகளில் இத்துறை பயிலும் இளைஞர்கள் இதைச் சவாலாகக் கொள்வார்களாக.

திறந்த பிறகும் வேலை உண்டு

இன்னொரு விஷயம். பாலம் திறந்த தினத்தோடு இன்ஜினீயரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. உண்மையில் அன்றுதான் தொடங்குகிறது. இத்தாலியின் ஜெனோவா நகரில் போல்செவேரா ஆற்றின் மேல் 1967ஆம் ஆண்டில் திறந்த பாலமும் வடங்கள் தாங்கிய பாலமே. அதன் எஃகு வடங்களைக் கான்கிரீட் உறைக்குள் வைத்து மூடியிருந்தார்கள். மழையும் வெயிலும் படாமல் காக்கும் என்று எண்ணிய உறை, உள்ளே துரு அரித்ததை வெளியே தெரியாமல் மறைக்கும் திரையாகிவிட்டது. 2018 ஆகஸ்டு 14ஆம் தேதி, கொட்டும் மழையில், அதன் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்து 43 பேர் மாண்டனர்.

இதற்கு நேர்மாறான உதாரணம் நமது பாம்பனில் உண்டு. 1914ஆம் ஆண்டில் திறந்து, 1964 டிசம்பர்ப் புயலில் அடிபட்டு, இன்ஜினீயர் ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் மீண்டு எழுந்த அந்தப் பழைய பாலம், கடலுப்பில் நின்றே நூறு ஆண்டுகளைக் கடந்தது. அதில் பொருத்தியிருந்த கருவிகள் அபாயக் குறியைக் காட்டியதும், 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்திவிட்டனர். யாத்திரிகர்களுக்கு இரண்டாண்டுக்கு மேல் கஷ்டம் நேர்ந்தது உண்மையே. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாலம் திறக்கும் வரையில் ராமேசுவரத்துக்கு ரயில் இல்லை. ஆயினும் உயிர்ச்சேதம் இல்லை. நிறுத்த வேண்டியதை நிறுத்தத் துணிவதும் ஒரு நிர்மாணத் தொழிலே. அஞ்சிப் பாலத்திலும் காற்றையும் அசைவையும் அளக்கும் கருவிகள் பொருத்தியிருக்கிறார்கள். கருவிகள் பேசும், அதைக் கேட்கும் காதும், கேட்டபடி நடக்கும் அதிகாரமும் என்றும் விழித்திருக்க வேண்டும்.

சென்னீர்குப்பத்தாருக்கு விடை

இனி நமது தேநீர்க் கடைக் கேள்விக்குத் திரும்புவோம். அஞ்சியிலும் வேலை நின்றது. கூவத்திலும் வேலை நின்றது. அஞ்சியில் குறுக்கிட்டது மலை. கூவத்தில் குறுக்கிட்டது நதி. வெள்ள காலத்தில் கூவம் எவ்வளவு நீரைச் சுமக்கும், அதற்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டிலும் கணக்கிடக் கூடியதே. 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தைக் கண்ட இவ்வட்டாரத்தாருக்கு அந்தக் கணக்கின் மதிப்பை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நதியின் உரிமையைக் காப்பதற்காக நிறுத்தியதா, கட்சிப் பிணக்கினால் நிறுத்தியதா என்ற வாதத்துள் நாம் புக விரும்பவில்லை. முதல் தூணுக்குக் குழி தோண்டுமுன் அந்தக் கணக்கை ஜனங்களின் முன் வைத்து, இரு சர்க்கார்களும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால், இந்த வாதத்துக்கே இடம் இருந்திராது என்பது மட்டும் நிச்சயம்.

ஆகவே, எந்தப் பாலத்துக்கும் எந்த உயர்நிலைச் சாலைக்கும் மூன்று விஷயங்களை முன்கூட்டியே பொதுஜனங்களின் பார்வைக்கு வைக்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். முதலாவது, மண்ணையும் பாறையையும் நீரோட்டத்தையும் பற்றிய பரிசோதனை அறிக்கை. இரண்டாவது, வேறு என்னென்ன வழிகளை யோசித்தார்கள், அவற்றை ஏன் தள்ளினார்கள் என்ற விவரம். மூன்றாவது, கட்டி முடித்த பின் யார், எத்தனை காலத்துக்கு ஒரு முறை சோதிப்பது என்ற ஏற்பாடு. இம்மூன்றும் தமிழில், சாமானியர் படித்து அறியும்படி, அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கிடைக்க வேண்டும். பூந்தமல்லிக்கு அப்பாலும் மேற்கே நகரம் வளர்ந்துகொண்டே போகிறது; தூண்களும் பெருகவே போகின்றன. அத்தூண்களின் நிழலில் வாழப் போகிறவர்களுக்கு அவற்றின் வேர் எதில் ஊன்றியிருக்கிறது என்று அறியும் பாத்தியதை உண்டு.

ஹிமாலயத்தின் சரிவு ஒரு நாள் “முடியாது” என்று சொல்லிற்று. அதைக் கேட்டவர்கள் சற்றுக் காலம் கடந்து கேட்டனர், ஆயினும் கேட்டனர். அதனால்தான் இன்று அப்பள்ளத்தின் மேல் ரயில் ஓடுகிறது. நமது கூவமும் தன் மொழியில் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. தூண் நாட்டப் புகுவோர் முதலில் அதற்குச் செவி சாய்ப்பார்களாக.